இங்கிலாந்தில் மினரல்ஸ் சர்வேயர் வேலை: வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எம்.எஸ்சி. ஜியாலஜி, இங்கே வந்து இன்னொரு மாஸ்டர்ஸ், இரண்டும் முடிந்தது. லெஸ்டர்ஷயரில் ஒரு சிறிய நிறுவனம் 'கிராஜுவேட் மினரல்ஸ் சர்வேயர்' என்று வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. கூடப் படித்தவர்கள் டேட்டா, சாஃப்ட்வேர் என்று லண்டன் பக்கம் போகிறார்கள். "அக்கா, இது வெறும் நில அளவை வேலைதானா? ட்ரோன் விட்டு மேப் போடுவதற்கா இவ்வளவு படித்தேன்? இதில் எதிர்காலம் உண்டா? அந்தப் பக்கம் நம்மவர்கள் இருப்பார்களா?" என்று கேட்டிருந்தீர்கள்.

கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபம். அதிகம் இருக்க மாட்டார்கள். நான் வந்து பதினாறு வருடம் ஆகிறது. முதல் நான்கு வருடம் சாமர்செட்டில் ஷெப்டன் மாலட் என்ற சின்ன ஊரில் இருந்தேன். தமிழ் என்றால் அங்கே ஃபோனில் கேட்பதோடு சரி. இப்போது டார்பியில் இருக்கிறேன், பரவாயில்லை. கல் இருக்கும் இடத்தில்தான் குவாரி, குவாரி இருக்கும் இடத்தில்தான் நமக்கு வேலை. லண்டனுக்கு அடியில் களிமண். தென்கிழக்கில் கெட்டிக் கல் அரிது. அதனால் சாமர்செட்டின் மெண்டிப் மலையிலிருந்தும் உங்கள் லெஸ்டர்ஷயரிலிருந்தும் ரயில் ரயிலாக ஜல்லி லண்டனுக்குப் போகிறது. உங்கள் நண்பர்கள் ஆபீஸ் போகும் கட்டடத்தின் கான்கிரீட்டில் இருக்கும் கல்லை, அது குவியலாகக் கிடந்தபோது நீங்கள் அளந்திருப்பீர்கள். அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், சொல்லாதீர்கள்.

அடுத்து, இது நில அளவை வேலையா என்பது. பாதிகூட இல்லை. இந்த நாட்டில் 'சர்வேயர்' என்ற சொல் நம் ஊர் சர்வேயரைக் குறிப்பதில்லை. வீடு வாங்கும்போது கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்ப்பவர் சர்வேயர். சொத்துக்கு மதிப்புப் போடுபவர் சர்வேயர். கட்டட வேலைக்குச் செலவுக் கணக்குப் பார்ப்பவரும் சர்வேயர்தான். மினரல்ஸ் சர்வேயர் என்றால் பூமிக்கு அடியில் இருப்பது யாருடையது, எவ்வளவு இருக்கிறது, அதன் விலை என்ன, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், தோண்டி முடித்த பிறகு அந்தக் குழியை என்ன செய்வது என்று பார்ப்பவர். அளப்பது இதில் மூன்றில் ஒரு பங்கு. மீதியெல்லாம் பத்திரமும் பேச்சுவார்த்தையும். எனக்கு இது புரியவே ஒன்றரை வருடம் ஆனது.

'யாருடையது' என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ஊரிலிருந்து வருகிற எல்லாரும் முதலில் தடுக்கி விழுவது அங்கேதான். மண்ணுக்கு அடியில் இருப்பதெல்லாம் அரசாங்கத்துடையது, குவாரி என்றால் லீஸ் எடுத்து, எடுக்கும் கல்லுக்கு அரசாங்கத்துக்குச் சீனியரேஜ் என்ற கட்டணம் கட்ட வேண்டும் என்றே நாம் வளர்ந்திருக்கிறோம். (2013-ல் கேரள நிலம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. அது தனிக் கதை.) இங்கே சுண்ணாம்புக்கல், மணல், சரளை, களிமண், ஜிப்சம் எல்லாம் பொதுவாக நிலத்துக்காரருடையவை. தங்கமும் வெள்ளியும் முடியரசுக்கு. பெட்ரோலியம் 1934-ல் போட்ட சட்டத்தால் முடியரசுக்குப் போனது. நிலக்கரி அரசு அமைப்பு ஒன்றின் கையில் இருக்கிறது. நான் வந்தபோது அதன் பெயர் கோல் அத்தாரிட்டி, 2024-லிருந்து மைனிங் ரெமடியேஷன் அத்தாரிட்டி. இவை போக மீதிக்கு எந்தக் குவாரி நிறுவனமும் விவசாயியின் வீட்டு வாசலில் போய் நின்றாக வேண்டும்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மேல் நிலம் ஒருவருக்கும் அடியில் இருப்பது இன்னொருவருக்கும் இருக்கலாம். நூறு, இருநூறு வருடம் முன்பு நிலத்தை விற்ற ஜமீன்தார்கள் 'கனிமம் மட்டும் எனக்கு' என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஒரு வரியில் வரும் 'கனிமம்' என்ற சொல்லில் மணலும் சரளையும் சேருமா சேராதா என்பதற்கே நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

2013-ல் ஓர் இரவு பத்து மணிக்கு ஒரு ஃபோன். மிட்லண்ட்ஸில் புதிதாக வீடு வாங்கியிருந்த நம்மவர் குடும்பம். லேண்ட் ரெஜிஸ்ட்ரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது: உங்கள் வீட்டுக்கு அடியில் உள்ள கனிம உரிமை தன்னுடையது என்று ஒருவர் பதிவு செய்திருக்கிறார். வீட்டுக்காரருக்குக் குரலே வரவில்லை. மனைவி ஃபோனை வாங்கி, "வீட்டைத் தோண்டுவாங்களா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். விஷயம் இதுதான். அந்தப் பழைய ஜமீன் உரிமைகளை 2013 அக்டோபருக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பழைய பாதுகாப்புப் போய்விடும் என்று 2002-ல் கொண்டுவந்த சட்டம் சொன்னது. கெடு நெருங்க நெருங்க அவர்களின் வாரிசுகள் அவசர அவசரமாக மனுப் போட்டார்கள். நாடு முழுக்கப் பல வீடுகளுக்கு அந்தக் கடிதம் போனது. திட்ட அனுமதி இல்லாமல் யாரும் ஒரு மண்வெட்டிகூட வைக்க முடியாது, மேலே இருக்கிற நிலத்துக்குக் கீழ் மண்ணின் தாங்கல் வேண்டும் என்கிற உரிமையும் சட்டத்தில் இருக்கிறது, நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சொன்னேன். வீட்டுக்காரர் திரும்ப ஃபோனை வாங்கினார். "அப்போ அடியில தங்கம் இருந்தா?" இருந்தால் ராணிக்கு என்றேன். அதற்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றப்பட்ட மாதிரி பேசினார்.

சரி, விவசாயி வாசலுக்கு வருவோம். அவர் ஒப்புக்கொண்டால் ஒரு குத்தகைப் பத்திரம் எழுதுவார்கள். ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று ராயல்டி. அதோடு, தோண்டினாலும் தோண்டாவிட்டாலும் வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு நிச்சய வாடகை. நம் ஊர் 'டெட் ரென்ட்' தான், இங்கே 'சர்டன் ரென்ட்' என்றும் சொல்வார்கள். டன்னுக்கு 1 பவுண்ட், நிச்சய வாடகை 20,000 பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் 15,000 டன்தான் எடுத்தார்கள் என்றாலும் 20,000 கொடுத்தாக வேண்டும். கூடக் கொடுத்த அந்த 5,000-ஐ அடுத்த வருடங்களில் அதிகம் எடுக்கும்போது கழித்துக்கொள்ளலாமா, கூடாதா, கழிக்கலாம் என்றால் எத்தனை வருடத்துக்குள்? பத்திரத்தில் அதற்கென்று ஒரு பத்தி இருக்கும். சண்டை வருவது பெரும்பாலும் அந்தப் பத்தியில்தான். முதல் மாதம் உங்களை ட்ரோனோடு அனுப்பாமல் ஒரு பெட்டி நிறையப் பழைய பத்திரங்களோடு உட்கார வைத்தால் கோபப்படாதீர்கள். நல்ல இடத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பழைய பத்திரத்தில் 'லேடி டே அன்று செலுத்த வேண்டும்' என்று இருந்ததைப் பார்த்து, மார்ச் 8 மகளிர் தினம் என்று நினைத்து அட்டவணையில் போட்டவள் நான். அது மார்ச் 25. மாதா பண்டிகை நாள். ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 என்று வாடகைக்கு இந்த நாட்டில் நான்கு தவணை நாட்கள் உண்டு. ஆபீஸில் இரண்டு வருடம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

பழைய வரைபடங்களில் அளவுகள் செயின், லிங்க் என்று இருக்கும். ஒரு செயின் 66 அடி, அதாவது 22 கெஜம், நூறு லிங்க். மறந்துபோனால் கிரிக்கெட் பிட்சை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டம்புக்கு ஸ்டம்ப் ஒரு செயின்.

அளவு எப்படிப் பணமாகிறது என்பதற்கு ஒரு சம்பவம். மெண்டிப் பக்கம் ஒரே குவாரி, இரண்டு விவசாயிகளின் நிலத்தில் இருந்தது. நடுவில் ஒரு வேலி. வேலி என்றால் இங்கே கம்பி இல்லை, நீளமான புதர் வரிசை, பக்கத்தில் ஒரு பள்ளம். குவாரி நகர்ந்து நகர்ந்து அந்த வேலியையே தோண்டித் தின்றுவிட்டது. நான் போனபோது வேலி இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது. அந்தக் காற்றில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் வெட்டிய கல்லுக்கு இவருக்குப் பணம், அந்தப் பக்கம் அவருக்குப் பணம்.

கோடு எங்கே? ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு வரைபட நிறுவனத்தின் படத்தில் வேலியின் நடுவில் கோடு போட்டிருக்கும். கம்பெனிக்காரர் அதைக் காட்டினார். ஆனால் இந்த நாட்டுச் சட்டத்தில் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. பள்ளம் வெட்டுகிறவன் தன் நிலத்தின் விளிம்பில் வெட்டுவான், மண்ணைத் தன் பக்கம் போடுவான், அந்த மேட்டில் புதர் வைப்பான். ஆகவே வேறு சான்று இல்லாவிட்டால் எல்லை என்பது புதரின் நடுவு இல்லை, பள்ளத்தின் அந்தப் பக்கத்து ஓரம். புதரின் நடுவுக்கும் பள்ளத்தின் ஓரத்துக்கும் 2 மீட்டர். எல்லை நீளம் 200 மீட்டர். வெட்டிய படியின் உயரம் 15 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 6,000 கன மீட்டர். சுண்ணாம்புக்கல் கன மீட்டருக்கு 2.6 டன் என்றால் 15,600 டன். டன்னுக்கு ஒரு பவுண்ட் என்றால்கூட 15,600 பவுண்ட், இரண்டு மீட்டர் புதருக்கு.

என் சீனியர் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த விவசாயிகளில் மூத்தவர் வீட்டுக்குப் போனார். சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தோம். நான்கு முனைகளிலும் நான்கு டீக் கோப்பை. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலைக் கோட்டின் மேல் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கே ஒரு ஆஷ் மரம் இருந்தது. பள்ளம் அதற்கு அந்தப் பக்கம்" என்றார். ஆஷ் மரமும் போய் முப்பது வருடம். அவருடைய கட்டைவிரல் வரைபடத்தில் மறைத்த அகலம் மட்டும் தரையில் ஐம்பது மீட்டர் இருக்கும், 1:2500 அளவு வரைபடம் அது. நான் வாயைத் திறக்கப் போனேன். சீனியர் மேசைக்கு அடியில் காலால் தட்டினார். அன்று ஒன்றரை மணி நேரம் அவர் எல்லையைப் பற்றிப் பேசவே இல்லை. மழை, ஆடு, பெரியவரின் முழங்கால் ஆப்பரேஷன், அவ்வளவுதான். கிளம்பும்போது மட்டும், "அடுத்த வாரம் பக்கத்துக்காரரும் இருந்தால் நல்லது" என்றார்.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். சட்டம் என்ன சொல்லும், அதை நிரூபிக்க வக்கீலுக்கு எவ்வளவு ஆகும் என்று சீனியர் ஒரு தாளில் எழுதி வைத்தார். இருபது நிமிடத்தில் நடுவில் ஒரு கோடு ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கோட்டுக்கு நான் நேஷனல் கிரிட் (நாடு முழுக்க வரைபடத்தில் போட்ட கட்டங்கள்) ஆயத்தொலைவுகள் எழுதிக்கொடுத்தேன், பத்திரத்தில் சேர்ந்தது. என் பங்கு அவ்வளவுதான். ஆனால் மில்லிமீட்டர் வரை அளக்கத் தெரிந்த எனக்கு அந்த அறையில் தெரியாமல் போனது எது என்று அன்றிரவு நிறைய யோசித்தேன்.

இப்போது அளவைக்கு வருகிறேன், நீங்கள் நினைக்கிற அளவுக்கு அது சாதாரணமும் இல்லை. குவாரியில் வழக்கமான வேலை ஜல்லிக் குவியல்களை அளப்பது. வருடக் கணக்கு முடிக்கும்போது கையிருப்பு எத்தனை டன் என்று ஆடிட்டருக்குச் சொல்ல வேண்டும். ட்ரோன் மேலே பறந்து குவியலின் மேல்பரப்பைக் கொடுத்துவிடும். குவியலுக்கு அடியில் தரை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைப் பழைய சர்வேயிலிருந்து எடுப்போம். பிறகு மேல்பரப்புக்கும் தரைக்கும் இடையில் எத்தனை கன மீட்டர் என்று கணக்கிட்டு, அடர்த்தியால் பெருக்கினால் டன். அடர்த்திக்குப் புத்தகத்தைப் பார்க்காதீர்கள். பாறையாக இருக்கும்போது 2.6 டன் இருக்கிற கல், உடைத்துக் கொட்டினால் இடையில் காற்று புகுந்து 1.5 பக்கம் வந்துவிடும். ஈரம், கல்லின் அளவு, எத்தனை நாள் கிடந்தது என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். அளவு தெரிந்த பெட்டியில் நிரப்பி எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதுதான் சரி.

என் மூன்றாவது வருடத்தில் ஒரு குவாரியில் 10,000 டன் இருக்க வேண்டிய குவியல் 9,100 டன் என்று என் கணக்கில் வந்தது. ஒன்றிரண்டு சதவீதம் என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இது ஒன்பது. கணக்கை அனுப்பிவிட்டு நான் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை போனால், எடைமேடையில் உட்காரும் அம்மா முகம் கொடுக்கவில்லை. அறுபது வயதிருக்கும், நான் போகும்போதெல்லாம் டீ போட்டுத் தருகிறவர். 900 டன் சீட்டு இல்லாமல் வெளியே போயிருக்கிறது, அப்படியென்றால் எடைமேடையைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும் என்று சனிக்கிழமையே மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

எனக்கு அடிவயிறு சில்லிட்டது. குவியலின் பாதத்துக்குப் போய் மண்வெட்டியால் தோண்டினேன். குவியலைத் தாண்டிய தரை கெட்டியாக, பழையதாக இருந்தது. குவியலுக்கு அடியில் ஒரு சின்னப் படி இறங்கியது, சுமார் 30 சென்டிமீட்டர். கோடையில் குவியல் காலியாக இருந்தபோது, சேறு கலக்கிறது என்று தரையை வழித்து எடுத்திருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. 2,000 சதுர மீட்டர் பரப்பு, 0.3 மீட்டர் ஆழம், 600 கன மீட்டர். 1.5-ஆல் பெருக்கினால் 900 டன். யாரும் எதையும் திருடவில்லை. என் கணக்கில் தரை தப்பான இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

திருத்திய கணக்கோடு நேராக மேலதிகாரியிடம் போய்த் தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு எடைமேடை அறைக்குப் போனேன். அந்த அம்மா நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு திரும்பி, வரிசையில் நின்ற லாரிக்குச் சீட்டுப் போட்டார். டீ வர இரண்டு மாதம் ஆனது. அதிலிருந்து குவாரிக்குப் போனால் முதல் வேலையாக லோடர் ஓட்டுகிறவரிடம் போய், "தரையில் எங்கேயாவது கை வைத்தீர்களா?" என்று கேட்கிறேன்.

குளிர்காலத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். டிசம்பரில் எட்டு மணிக்கு விடிந்து நான்கு மணிக்குள் இருட்டிவிடும். நடுப்பகலில்கூடச் சூரியன் தாழ்வாகவே இருக்கும், வெட்டுமுகத்தின் நிழல் பாதிக் குவாரியை மூடிவிடும். அந்த நிழலில் எடுத்த படத்தை நம்பி மேப் போட முடியாது. மழை, காற்று என்றால் ட்ரோன் பெட்டியிலேயே இருக்கும், டோட்டல் ஸ்டேஷனும் (முக்காலியில் நிறுத்திக் கோணமும் தூரமும் அளக்கும் கருவி) நீங்களும்தான். விரல் விறைத்து ட்ரைபாட் திருகைத் திருப்ப முடியாத நாட்கள் வரும். ட்ரோனுக்குச் சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டியிடம் பதிவு வேண்டும், சாதாரணமாக 120 மீட்டருக்கு மேல் விடக்கூடாது. ஆழமான குவாரியில் இந்த 120 எந்தத் தரையிலிருந்து என்பதே யோசிக்க வேண்டிய விஷயம், அதை உங்கள் நிறுவனம் சொல்லிக்கொடுக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் இவர்கள் கெடுபிடி. முதலில் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும், அதற்கப்புறம் ஊருக்குப் போய் ஒரு குவாரியைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். விளிம்பில் ஒரு மண் வரப்பு இருக்கும். குறைந்தது 1.5 மீட்டர் உயரம், அல்லது அங்கே ஓடும் பெரிய வண்டியின் சக்கரத்தில் பாதி, எது அதிகமோ அது. அந்த வரப்பைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள், ஒரே ஒரு பாயின்ட் விட்டுப்போச்சு என்றாலும். டம்பர் என்ற பெரிய கல் லாரியை ஓட்டுகிறவருக்கு உங்கள் கார் தெரியாது என்றே நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

கார் என்றதும் ஞாபகம் வருகிறது. லைசென்ஸ் எடுத்தாயிற்றா? இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும். உங்கள் கணக்கில் அது முடிந்திருக்கும். குவாரிக்குப் பஸ் கிடையாது, காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். ஆஃபருக்குச் சரி சொல்லும் அன்றைக்கே டெஸ்டுக்குத் தேதி போடுங்கள். பத்து வருடம் ஊரில் ஓட்டியவர்களே முதல் தடவை இங்கே ஃபெயில் ஆகியிருக்கிறார்கள், கண்ணாடியைப் பார்ப்பதில்லை என்று.

எதிர்காலம் உண்டா என்று கேட்டீர்கள். நிலக்கரியை நம்பி வந்திருந்தால் இல்லை என்றிருப்பேன். யார்க்ஷயரில் கெல்லிங்லி என்ற கடைசி ஆழச் சுரங்கம் 2015 டிசம்பரில் மூடியாயிற்று. ஆனால் மூடிய சுரங்கம் நமக்கு வேலை கொடுப்பதை நிறுத்துவதில்லை. டர்ஹம், நாட்டிங்ஹம்ஷயர், தெற்கு வேல்ஸ் பக்கம் வீடு வாங்கினால், அடியில் பழைய சுரங்கம் ஓடுகிறதா என்று உங்கள் வக்கீல் ஒரு அறிக்கை வாங்குவார். அதற்குப் பின்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து சேர்ந்த கைவிட்ட சுரங்க வரைபடங்கள் இருக்கின்றன. ஜல்லியும் மணலும் நிற்காது. ஒவ்வொரு கவுன்டியும் மணல், சரளைக்கு 7 வருடத்துக்கும், உடைகல்லுக்கு 10 வருடத்துக்கும் குறையாமல் அனுமதி பெற்ற இருப்பு வைத்திருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் திட்டக் கொள்கை. அந்த இருப்பைக் கணக்கிட ஆள் வேண்டும். அதில் எடுக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2002-லிருந்து அரசாங்கம் தனி வரி வாங்குகிறது. 1.60 பவுண்டில் தொடங்கி 2025 ஏப்ரலில் 2.08 ஆனது.

குழியும் சொத்துதான். உங்கள் ஆஃபரில் 'மினரல்ஸ் அண்ட் வேஸ்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். தோண்டிய பள்ளத்தில் குப்பை போட இடம் இருந்தால் அந்தக் காலியிடத்தைக் கன மீட்டர் கணக்கில் விற்கலாம். குப்பை நிரப்பும் வரி 1996-ல் டன்னுக்கு 7 பவுண்டில் ஆரம்பித்தது. 2025 ஏப்ரலில் 126.15. இதில் டன் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சில குழிகளுக்கு நல்ல முடிவும் உண்டு. நாட்டிங்ஹம் பக்கம் அட்டன்பரோ என்ற இடம், ட்ரென்ட் ஆற்றங்கரையில் சரளை எடுத்த பள்ளங்கள். தண்ணீர் நிரம்பி 1966-லிருந்து பறவைகள் சரணாலயம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் போவது அங்கேதான். கரை வளைந்து போவதைப் பார்த்து இங்கே வரைக்கும் ஒருவர் நிலம் என்று மனதில் கோடு போடுவதை என்னால் நிறுத்த முடியவில்லை.

சம்பளம் சாஃப்ட்வேர் அளவுக்கு வராது. முதல் சில வருடம் நண்பர்களின் பேச்சைக் கேட்டால் வயிறு எரியும். சார்ட்டர்ட், அதாவது தொழில் சங்கம் தகுதி தந்த சர்வேயர், ஆனபிறகு நிலைமை மாறும், ஏனென்றால் இந்த வேலையில் ஆட்கள் குறைவு. கருத்தரங்கு என்று போனால் பாதிப்பேர் தெரிந்த முகம். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதற்கு என் பேச்சைக் கேட்காமல் அரசாங்க இணையதளத்தைப் பார்த்துவிட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

சார்ட்டர்ட் ஆவதற்கு ஆர்.ஐ.சி.எஸ். என்ற சர்வேயர் சங்கத்தின் தேர்வு இருக்கிறது. 1868-ல் தொடங்கிய சங்கம் அது. நான் எழுதியபோது இரண்டு வருடப் பயிற்சி, தினமும் நாட்குறிப்பு, செய்த ஒரு வேலையைப் பற்றி 3,000 சொல்லில் கட்டுரை, கடைசியில் குழுவின் முன் ஒரு மணி நேரம். முதல் தடவை எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று குழு எழுதியதைப் படித்தபோது புரியவே இல்லை: 'இவர் சொந்தமாக என்ன செய்தார் என்று தெரியவில்லை.' மூன்று நாள் கழித்து என் சீனியர் என்னை உட்கார வைத்து அதே கேள்விகளைக் கேட்டார். "வி மெஷர்டு, வி அட்வைஸ்டு" என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் தாளில் ஒவ்வொரு 'வி'க்கும் ஒரு கோடு போட்டார். நாற்பத்தோரு கோடு. நம் வளர்ப்பில் 'நான் செய்தேன்' என்றால் பெருமை அடிக்கிற மாதிரி, 'நாங்கள்' என்றால் மரியாதை. அவர்கள் காதில் அது ஒளிந்துகொள்கிற மாதிரி விழுகிறது. அடுத்த தடவை எல்லை தகராறையும் 900 டன்னையும் 'ஐ' போட்டே சொன்னேன். தப்புச் செய்ததும் நான், கண்டுபிடித்ததும் நான். நாட்குறிப்பை முதல் நாளிலிருந்தே அப்படி எழுதிப் பழகுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். 'குவாரியில் வேலை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் மாமா ஒருவர் மூன்று வருடம் நான் ஏதோ மணல் லாரி விவகாரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்திருந்தார்.

என் கருத்து, போங்கள். ட்ரோன் ஓட்ட மட்டும் ஆசை என்றால் வேண்டாம், ஆறு மாதத்தில் அலுத்துவிடும். பத்திரம் படிக்கவும், தெரியாத ஒருவர் வீட்டுச் சமையலறையில் வாயை மூடிக்கொண்டு உட்காரவும் பொறுமை இருந்தால் போங்கள். சேரும் முன் நேர்காணல் எடுத்தவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நான் யாரோடு களத்துக்குப் போவேன்? குத்தகைப் பேச்சுவார்த்தையில் எப்போது உட்கார வைப்பீர்கள்? இரண்டுக்கும் மழுப்பலாகப் பதில் வந்தால் எனக்கு எழுதுங்கள், வேறு இடம் பார்ப்போம்.

ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் அவர்களே தர வேண்டும், உங்கள் கைக்காசைப் போடாதீர்கள். பூட்ஸ் அளவு கேட்டு மெயில் வரும், அன்றைக்கே பதில் போடுங்கள். தடிமனான காலுறை போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். நான் சொல்லாமல் விட்டதில் ஸ்டோரில் இருந்த ஒன்பதாம் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். என் கால் நான்கு. முதல் ஆறு வாரம் பழைய செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு மெண்டிப் மலையை அளந்தேன்.